யார் கண்டது? கிருசாந்தி கொலை வழக்கின் மேன்முறையீட்டை வன்னியிலிருந்து வாசித்தல்

கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டத்தில் குந்தினார்கள். அந்தக் கொட்டகைக்கு நான் இடையிடையே போவேன். படிவம் நிரப்பவும், ஆணைக்குழுக் கடிதங்களை வாசித்துச் சொல்லவும் ஒரு சட்டத்தரணி இருந்தால் அவர்களுக்கு உதவி. ஒரு நாள் பின்னேரம், மகனின் படத்தை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா கேட்டார்: “பிள்ளை, கிருசாந்தியின்ர வழக்கில தூக்கு எண்டுதானே தீர்த்தவை. பிறகேன் தூக்கேல்லை?”

பதில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவரே இடைமறித்து இரண்டாவது கேள்வியைக் கேட்டார்: “அதை விடு பிள்ளை. அந்தத் தாய்க்கு மகள் அங்கதான் நிக்கிறாள் எண்டு ஆர் சொன்னது?”

வழக்கின் உயிர் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. நான் சட்டம் படித்தவள். அந்த அம்மா பதினைந்து வருடமாக மகனைத் தேடியவர். எது முக்கியமான கேள்வி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

1996 செப்டெம்பர் 7, சனிக்கிழமை. சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவியான 18 வயது கிருசாந்தி உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் வினாத்தாள் எழுதிவிட்டு வந்தார். விபத்தில் இறந்துபோன பள்ளித் தோழி ஒருவருக்கு அஞ்சலி செலுத்திவிட்டு, கைதடியில் இருந்த வீட்டை நோக்கிச் சைக்கிளில் புறப்பட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து கைதடிக்குப் போக செம்மணி வெளியைத் தாண்ட வேண்டும். இரண்டு பக்கமும் உப்பு வெளி, நிழலுக்கு மரம் கிடையாது. நடுவில் இராணுவக் காவலரண். வன்னிக்கு வந்து வவுனியா கடந்து தெற்கே போகிற அதே ஏ9 வீதிதான். அந்தக் காவலரணில் அவர் மறிக்கப்பட்டார்.

மகள் வரவில்லை. மறிக்கப்பட்டதைக் கண்ட ஒருவர் மூலம் சேதி தாயின் காதுக்கு எட்டியது. தாய் ஒரு ஆசிரியை, கணவனை இழந்தவர். பதினாறு வயது மகனையும் அயலவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு காவலரணுக்குப் போய் மகளைக் கேட்டார். அங்கிருந்து மூவரும் திரும்பவில்லை. நாற்பத்தைந்து நாள் கழித்துச் செம்மணி வெளியில் மண்ணைக் கிண்டியபோது நான்கு உடல்களும் வந்தன. தனியாக வந்த பிள்ளை கூட்டு வல்லுறவுக்குப் பின் கொல்லப்பட்டிருந்தார். மற்ற மூவரும் தேடி வந்ததற்காகக் கொல்லப்பட்டார்கள்.

அந்த வருடம் எனக்குப் பதின்மூன்று வயது. 1995 ஒக்டோபர் இடம்பெயர்வில் வலிகாமத்தை விட்டு, கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. கிளிநொச்சியில் ஒரு வருடம்கூட நிற்க விடவில்லை. இராணுவத்தின் சத்ஜய நடவடிக்கை தொடங்க ஸ்கந்தபுரத்துக்கு ஓடினோம். மின்சாரம் கிடையாது. பற்றரிக்குத் தடை. சித்தப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ போடுவார். அவர் கை களைத்தால் செய்தியும் தேய்ந்து நின்றுவிடும். 1998 ஜூலை 3 இரவும் அப்படித்தான் பிபிசி தமிழோசை கேட்டோம். கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவத்தினருக்கு மரண தண்டனை விதித்தது என்று செய்தி வந்தது. தொடர்ந்து, தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச என்ற லான்ஸ் கோப்ரல், செம்மணியில் 300 முதல் 400 பேர் வரை புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னதாகவும் வந்தது. சித்தப்பாவின் கை நின்றுபோனது. ரேடியோவும் நின்றது. யாரும் திரும்பச் சுற்றச் சொல்லவில்லை. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி அந்த 1996இல் யாழ்ப்பாணத்தில் காணாமல் போனவர்.

சரி, வழக்குக்கு வருவோம்.

வழமையான மேல் நீதிமன்ற வழக்கில் நீதிபதி ஒருவர்தான் இருப்பார். மரண தண்டனை வந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றம், அங்கிருந்து அனுமதி பெற்று உயர் நீதிமன்றம் என்று படிப்படியாகப் போகும். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பதுதான் நாட்டின் மிக மேலான நீதிமன்றம். மேல் நீதிமன்றம் அதற்குக் கீழே.) கிருசாந்தி வழக்கு அந்த வழியில் போகவில்லை. மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்து ஜூரி இல்லாமல் விசாரிக்கும் ‘ட்ரயல் அட் பார்’ முறையில் நடந்தது. பத்திரிகைகளில் இதை நீதாய விளக்கம் என்று எழுதுவார்கள். இப்படி நடந்த வழக்கின் மேன்முறையீடு நேராக உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும். அங்கே ஐந்து நீதிபதிகளுக்குக் குறையாமல் இருந்து கேட்க வேண்டும். 2004இல் அந்த மேன்முறையீடு தள்ளுபடியானது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க. ‘சோமரத்ன ராஜபக்சவும் மற்றோரும் எதிர் சட்டமா அதிபர்’ என்ற பெயரில் அது இலங்கைச் சட்ட அறிக்கைகளின் 2010ஆம் ஆண்டுத் தொகுதியில்தான் அச்சேறியது. இன்று குற்றவியல் சட்டம் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் அதை வாசிக்காமல் பரீட்சைக்குப் போக மாட்டார்கள்.

அந்த மேன்முறையீட்டில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்பது முதலில் விளங்க வேண்டும். இணையத்தில் இந்தியச் செய்திகளை வாசிக்கிற எங்கள் பிள்ளைகள் இதில் குழம்பிப் போகிறார்கள். இந்தியாவில் கொலைக்கு ஆயுள் தண்டனையும் உண்டு, தூக்கும் உண்டு. அரிதிலும் அரிதான வழக்கில் மட்டுமே தூக்கு என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் தீர்ந்தது. அதனால் அங்கே மேன்முறையீட்டின் பெரும்பகுதி இரக்கத்தைப் பற்றியது. வயது, வறுமை, திருந்துவாரா என்றெல்லாம் வாதம் நடக்கும். இலங்கையில் அதற்கு இடமே இல்லை. எங்கள் தண்டனைச் சட்டக் கோவையின் 296ஆம் பிரிவின்படி கொலைக் குற்றவாளி என்று கண்டால் மரண தண்டனை ஒன்றுதான். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களையும் கர்ப்பிணிகளையும் தவிர வேறு யாருக்கும் நீதிபதி அதைக் குறைக்க முடியாது. பாலியல் வல்லுறவுக்கு மரண தண்டனை கிடையாது. 1995 திருத்தத்துக்குப் பிறகு கூட்டு வல்லுறவுக்குப் பத்து முதல் இருபது வருடம் வரை சிறை. எவ்வளவு கொடூரம் நடந்திருந்தாலும் தூக்கு வருவது கொலைக்காகத்தான்.

எனவே எதிரிகளின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்களின், சட்டத்தரணிகள் கேட்கக்கூடியது ஒன்றே ஒன்று: இவர்கள்தான் செய்தார்கள் என்று நிரூபணமாகிவிட்டதா? தண்டனையின் அளவைப் பற்றிப் பேச்சில்லை. முழு வழக்கும் சான்றின் மேல் நிற்கிறது. மேன்முறையீட்டு நீதிபதிகளோ சாட்சியின் முகத்தைப் பார்ப்பதில்லை. தடுமாறியதையும் அழுததையும் பார்ப்பதில்லை. அவர்கள் முன் இருப்பது தட்டச்சுச் செய்த பக்கங்கள்தான்.

இதில் என்ன சங்கடம் என்றால், போன நான்கு பேரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. வல்லுறவு வழக்குகளில் பாதிக்கப்பட்டவரே முதல் சாட்சி. இங்கே அவர் இல்லை. அவரைத் தேடிப் போனவர்களும் இல்லை. உடல்கள் நாற்பத்தைந்து நாள் உப்பு மண்ணுக்குள் கிடந்தவை. அப்படிக் கிடந்த உடலிலிருந்து வைத்தியரால் சொல்லக்கூடியதற்கும் எல்லை இருக்கிறது. மிச்சம் இருந்தது, அங்கங்கே பலர் கண்ட துண்டு துண்டான காட்சிகள்தான். பிள்ளை மறிக்கப்பட்டதை வீதியால் போனவர் கண்டார். தாயும் மகனும் அயலவரும் காவலரணுக்குப் போனது தெரியும். அதற்குள் நடந்ததில் கொஞ்சம், அங்கே கடமையில் நின்ற பொலிஸாருக்குத் தெரியும். கைதானவர்களை விசாரித்ததன் தொடர்ச்சியாகப் புதைகுழிகள் கிடைத்தன.

இதைத்தான் சூழ்நிலைச் சான்று என்கிறோம். எங்கள் நீதிமன்றங்கள் இதற்கு வைத்திருக்கிற அளவுகோல் கடுமையானது. எல்லாச் சான்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, எதிரி குற்றவாளி என்ற ஒரே முடிவுக்குத்தான் வர முடிய வேண்டும். வேறு ஒரு நியாயமான விளக்கத்துக்குக் கதவு கொஞ்சம் திறந்திருந்தாலும் விடுதலைதான். செம்மணிக் காவலரணில் நின்ற யாரோ ஒருவர் செய்தார் என்று காட்டுவது போதாது. இந்த எதிரி, இந்த நேரத்தில், இதைச் செய்தார், அல்லது செய்தவர்களோடு ஒரே எண்ணத்தில் நின்றார் என்று ஒவ்வொருவர் மீதும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். சீருடைக்காரர் வழக்குகள் அதிகமாக உடைவது இந்த இடத்தில்தான். முகாம் தெரியும், படைப்பிரிவு தெரியும், ஆள் தெரியாது. வன்னியில் எத்தனை கோப்புகள் இந்த ஒரு வரியோடு மூடப்பட்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

காவலரணில் நின்றவரின் சாட்சியத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கண்டவர் என்றால் தடுத்தாரா, முறைப்பாடு செய்தாரா, ஏன் இவ்வளவு நாள் பேசாமல் இருந்தார் என்று எதிர்த்தரப்பு கேட்கும். இவரும் உடந்தை, தன்னைக் காப்பாற்ற மற்றவரைக் காட்டிக்கொடுக்கிறார் என்று சொல்லும். சாட்சியக் கட்டளைச் சட்டம் இதற்கு இரண்டு விதமாகப் பேசுகிறது. 133ஆம் பிரிவின்படி உடந்தையாளரின் சாட்சியத்தை மட்டும் வைத்துக் குற்றவாளி என்று கண்டால் அது சட்டவிரோதமாகாது. ஆனால் அப்படிப்பட்டவரின் பேச்சை வேறு ஒன்று உறுதிப்படுத்தாவிட்டால் நம்பத் தகாது என்று எடுக்கலாம் என 114ஆம் பிரிவின் உதாரணம் ஒன்று சொல்கிறது. அதனால் நீதிமன்றங்கள் எப்போதும் உறுதிப்படுத்தும் இன்னொரு சான்றைத் தேடும். இப்படி ஒரு வழக்கில் அந்த உறுதி கிடைப்பது வீதியால் போன சாதாரண மனிதர் கண்டதிலிருந்தும், மண்ணுக்குள்ளிருந்து வந்ததிலிருந்தும்தான்.

மண்ணைப் பற்றியும் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பொலிஸாருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்பது பொது விதி. அதற்கு விலக்கு 27ஆம் பிரிவு. சந்தேகநபர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருளோ உடலோ கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய அந்தச் சொல் மட்டும் சான்றாகும். ‘நான்தான் கொன்றேன்’ என்பது வராது. ‘இந்த இடத்தில் இருக்கிறது’ என்பது வரும். அது எதைக் காட்டும்? இடம் அவருக்குத் தெரியும் என்பதை மட்டும். எப்படித் தெரிந்தது என்பதற்கு மற்றச் சான்றுகள் பதில் சொல்ல வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அதே காலத்தில் எங்கள் பெடியளின் வழக்குகள் எப்படி நடந்தன என்பது வன்னியில் எல்லா வீட்டுக்கும் தெரியும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் கொடுத்த ஒப்புதலைச் செல்லும் என்றது. அது பலாத்காரமாக வாங்கப்பட்டது என்றால் அதைக் காட்டும் பொறுப்பும் எதிரியின் தலையில்தான். சிங்கராசா வழக்கில் 1995இல் ஒரு தமிழ் இளைஞருக்கு அப்படி ஒரு ஒப்புதலை மட்டும் வைத்து ஐம்பது வருடச் சிறை கொடுத்தார்கள். பின்னர் முப்பத்தைந்தாகக் குறைந்தது. ஐ.நா. மனித உரிமைகள் குழு அவருடைய உரிமை மீறப்பட்டதாக முடிவு சொன்னது 2004இல். செம்மணி எதிரிகளின் மேன்முறையீடு தள்ளுபடியானதும் அதே வருடம்தான்.

அந்த இராணுவத்தினருக்குச் சாட்சியச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் கிடைத்தது. அது கிடைத்தது சரி என்றே நினைக்கிறேன். அதனால்தான் அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் யாராலும் ஆட்ட முடியவில்லை. அடித்து வாங்கிய கடதாசியில் நின்றிருந்தால் எப்போதோ விழுந்திருக்கும். அதே பாதுகாப்பு எங்கள் பெடியளுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆத்திரம்.

இந்தத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் வேறொன்று. எதிரிகளின் மௌனம். தங்களுக்கு எதிராக வந்து நின்ற சான்றுகளுக்கு அவர்கள் விளக்கம் சொல்லவில்லை. இலங்கைச் சட்டத்தில் எதிரி வாய் திறக்க வேண்டியதில்லை. நிரூபிக்கும் சுமை அரச தரப்புக்கே. அப்படியென்றால் மௌனத்தை எதிரிக்கு எதிராக எடுக்கலாமா?

உயர் நீதிமன்றம் இதற்கு 1814ஆம் ஆண்டின் ஒரு இங்கிலாந்து வழக்கில் பிரதம நீதியரசர் எலன்பரோ சொன்னதை எடுத்தது. சாரம் இதுதான்: ஒருவர் மீது பலமான சான்றுகள் வந்து நிற்கின்றன. அவர் நிரபராதி என்றால் அவற்றை விளக்கி விடுபடும் வழி அவர் கையிலேயே இருக்கிறது. இருந்தும் அவர் பேசவில்லை. பேசினால் அது தனக்கே பாதகமாகும் என்பதால்தான் பேசவில்லை என்று நீதிமன்றம் எண்ணலாம். பேச வேண்டிய கட்டாயம் இல்லை என்ற சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும் என்பதையும் தீர்ப்பு சேர்த்துச் சொல்கிறது. முதலில் அரச தரப்பு தன் கட்டடத்தை எழுப்பி முடித்திருக்க வேண்டும். இடையில் சுவர் இல்லாத இடத்தை எதிரியின் மௌனத்தால் அடைக்க முடியாது.

அந்த 1814 வழக்கின் கதையை நான் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்வேன். அந்த வருடம் பெப்ரவரியில் சீருடை அணிந்த ஒருவர் டோவர் துறைமுக நகரில் தோன்றி, நெப்போலியன் செத்துவிட்டான் என்று சேதி பரப்பினார். லண்டனில் அரச பங்குகளின் விலை ஏறியது. சேதி பொய் என்று தெரிவதற்குள் சிலர் விற்று இலாபம் கண்டார்கள். இதில் மாட்டியவர் கொக்ரேன் என்ற பிரபலமான கடற்படை அதிகாரி. எலன்பரோ முன் விசாரணை நடந்து குற்றவாளியானார். தான் நிரபராதி என்று கடைசி வரை சொன்னார். 1832இல் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர் குற்றம் செய்தாரா என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

கொக்ரேன் உண்மையிலேயே நிரபராதியாக இருந்திருக்கவும் கூடும். அவருக்கு எதிராக நடந்த வழக்கில் பிறந்த அந்தச் சொல்லைத்தான் நாங்கள் செம்மணி வழக்கில் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். செம்மணியில் அது பொருந்தியது. பட்டப்பகலில் ஒரு பிள்ளை காவலரணில் மறிக்கப்பட்டு, தேடி வந்த மூன்று பேரும் அதே இடத்தில் மறைந்து, நான்கு உடல்களும் அதே வெளியில் கிடைத்தால், அங்கே கடமையில் நின்றவர் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அதே சொல்லை ஒரு கிராமத்துப் பெடியன் மீது, பயத்தில் வாய் அடைத்து நிற்பவன் மீது, ஒரு பலவீனமான வழக்கைத் தூக்கி நிறுத்த அரச தரப்பு கொண்டு வரும் நாளும் வரும். வந்தும் இருக்கிறது. அன்றைக்கு எதிர்த்தரப்பில் நின்று, முதலில் உங்கள் கட்டடத்தைக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டியவர்கள் நாங்கள்தான். ஒரு தீர்ப்பு எங்களுக்கு நல்லது செய்தது என்பதற்காக அதன் எல்லையை மறக்கக் கூடாது.

இனி அந்த அம்மாவின் முதல் கேள்வி. ஏன் தூக்கவில்லை?

இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூன் 23இல். அதற்குப் பிறகு நீதிபதிகள் மரண தண்டனை விதிக்கிறார்கள். நீதிமன்றத்தில் விளக்கை அணைத்துத் தீர்ப்பை வாசிக்கிறார்கள். கைதி சிறைக்குள் வருடக்கணக்காக இருக்கிறார். நான் தூக்குக்கு எதிரானவள். கொட்டகையில் இதைச் சொன்னபோது சிலருக்குக் கோபம் வந்தது, அவர்களின் கோபத்தின் முன் எனக்கு வாதம் இல்லை. ஆனாலும் சொன்னேன்: தூக்கியிருந்தால் சோமரத்ன ராஜபக்சவின் வாயும் மூடியிருக்கும். 1999இல் அவரையும் மற்றக் கைதிகளையும் செம்மணிக்குக் கொண்டுபோய் இடம் காட்டச் சொன்னபோது பதினைந்து உடல்கள் எடுக்கப்பட்டன. அதற்குப் பிறகு அந்த வெளி கால் நூற்றாண்டு மூடிக் கிடந்தது. 2025இல் செம்மணியை ஒட்டிய அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்ட இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். ஒரு குழந்தையின் பக்கத்தில் நீலநிறப் பாடசாலைப் பை.

தண்டனை நிலைக்காமல் போகும் வழி தூக்கு இல்லாதது அல்ல. அது வேறு இடத்தில் இருக்கிறது. 2000 டிசம்பரில் யாழ் குடாநாட்டின் மிருசுவிலில் ஒரு ஐந்து வயதுப் பிள்ளை உட்பட எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். தப்பியோடி உயிர் பிழைத்த ஒருவர் சாட்சி சொன்னார். 2015இல் இராணுவத்தினர் ஒருவருக்கு மரண தண்டனை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஏகமனதாக அதை உறுதி செய்தார்கள். 2020 மார்ச் 26இல், நாடு கொரோனா ஊரடங்கில் கிடந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். பத்தொன்பது வருட வழக்கு ஒரு கையெழுத்தில் கரைந்தது. அந்தக் கையெழுத்து நீதிமன்றத்தின் கைக்கு எட்டாதது என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்தோம். ஆனால் ரோயல் பார்க் கொலை வழக்குக் கைதிக்கு 2019இல் கொடுத்த மன்னிப்பை 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. ஜனாதிபதியின் மன்னிப்பையும் கேள்வி கேட்கலாம் என்று அதனால் ஆகியிருக்கிறது. எதற்காக, யாரைக் கேட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன சொல்லிவிட்டு என்று காரணம் காட்ட வேண்டும்.

வித்தியா வழக்கும் செம்மணி வழக்கைப் போல ட்ரயல் அட் பார் பாதையில்தான் போனது. 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலை மாணவி வித்தியா கூட்டு வல்லுறவுக்குப் பின் கொல்லப்பட்ட அந்தக் கொடுமைக்கு, 2017 செப்டெம்பர் 27இல் யாழ்ப்பாணத்தில் ட்ரயல் அட் பார் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. இரண்டு பேரை விடுவித்தது. மூன்று தமிழ் நீதிபதிகள். தலைமை தாங்கியவர் அப்போது வவுனியா மேல் நீதிமன்றத்தில் இருந்த பாலேந்திரன் சசிமகேந்திரன். தமிழில் நடந்த விசாரணையை உறவுகள் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்டு விளங்கிக்கொண்டார்கள். செம்மணி விசாரணை நடந்ததோ கொழும்பில். யாழ்ப்பாணத்துச் சாட்சிகள் பாஸ் எடுத்து, கப்பலுக்குக் காத்துக் கிடந்து போக வேண்டியிருந்த காலம் அது. அவர்கள் போனார்கள். அந்தப் பயணத்தின் பெறுமதியை எந்தச் சட்ட அறிக்கையும் எழுதவில்லை.

குரல் கொடுத்தவர்களையும் சொல்ல வேண்டும். சட்டத்தரணி குமார் பொன்னம்பலம் இந்த வழக்கை நாடு முழுக்கக் கேட்கும்படி பேசினார். 2000 ஜனவரி 5இல் கொழும்பில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1996இல் யாழ்ப்பாணத்தில் காணாமல் போனவர்கள் ஏறத்தாழ அறுநூறு பேர் என்று அம்னெஸ்டி கணக்குச் சொன்னது. அத்தனை பேரில் இந்த நான்கு பேருக்கு மட்டும் ஏன் வழக்கு நடந்தது? நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பட்டப்பகல், வீதியோரம், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை, கண்டவர் சொன்ன சேதி, விடாமல் கேட்ட உறவுகள், உடனே எழும்பிய குரல்கள். நாற்பத்தைந்து நாளில் மண் தோண்டப்பட்டது. நாற்பத்தைந்து மாதம் ஆகியிருந்தால் இந்த மேன்முறையீட்டைப் பற்றி நான் இன்று எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வன்னியில் எங்களுடைய வழக்குகளில் நாள்கள் அப்படி நிற்கவில்லை. முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய் போட மண் வெட்டியவர்கள்தான் புதைகுழியைக் கண்டார்கள். அங்கிருந்து 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. யாரும் தேடிப்போய்த் தோண்டியதல்ல. போர் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகலில் பிள்ளைகளையும் கணவர்மாரையும் கையால் பிடித்து இராணுவத்திடம் ஒப்படைத்தவர்கள் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். கண்டவர் யார் என்ற கேள்விக்கு அங்கே நூற்றுக்கணக்கான பதில்கள் இருந்தன. கண்ட தாய்மார் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கொட்டகையில் மாட்டியிருக்கும் படங்களோடு, பிள்ளையைத் தேடித் தேடி இறந்துபோன பெற்றோரின் படங்களும் சேர்ந்துவிட்டன.

அன்று பின்னேரம் நான் படிவத்தை மூடி வைத்துவிட்டு ஒரு கொப்பி எடுத்தேன். மகன் காணாமல் போன திகதி அவருக்கு மனப்பாடம். நேரம் கேட்டேன். “கோயில் மணி அடிச்சு முடிய” என்றார். என்ன உடுப்பு என்று கேட்டேன். சொன்னார். சேட்டில் ஒரு பொத்தான் வேறு நிறம், தானே தைத்தது என்றார். யார் கண்டது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஒருவரின் பெயரைச் சொன்னார். அவர் இப்போது புதுக்குடியிருப்புப் பக்கம் மகளோடு இருக்கிறாராம், கண் பார்வை குறைந்துவிட்டதாம்.

“இதை முந்தி ஆருக்காவது சொன்னனீங்களோ அம்மா?”

“படிவத்தில அதுக்கு இடம் இல்லைப் பிள்ளை. ஆரும் கேக்கவும் இல்லை.”

அடுத்த ஞாயிறு புதுக்குடியிருப்புக்குப் போனோம்.